பக்கம் எங்கே முறிய வேண்டும் என்பதைப் பத்தியே சொல்லட்டும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை வீட்டுக் கணினியில் பல மாதங்கள் தட்டச்சு செய்து, ஒவ்வோர் இயலும் புதிய பக்கத்தில் தொடங்குமாறும் எந்தத் தலைப்பும் பக்கத்தின் அடியில் தனியே நிற்காதவாறும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அச்சுக் கடைக்குப் போகிறார் ஓர் ஆய்வாளர். கடைக் கணினியில் கோப்பு திறக்கிறது. நான்காம் இயலின் தலைப்பு பக்கத்தின் நடுவில் நிற்கிறது. ஐந்தாம் இயலுக்கு முன்னால் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. மேற்கோளாகக் காட்டிய வெண்பாவின் முதலடி ஒரு பக்கத்திலும் மற்ற மூன்றடி அடுத்த பக்கத்திலும் பிரிந்திருக்கின்றன. பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்களில் பாதி பொருந்தவில்லை. சமர்ப்பிக்க வேண்டிய நாள் மறுநாளாக இருக்கும்; இரவு முழுவதும் கடையில் உட்கார்ந்து மீண்டும் முதலிலிருந்து என்டர் விசையைத் தட்டுவதும் அழிப்பதுமாக அந்த வேலை நடக்கும்.

இது கடைக் கணினியின் கோளாறும் அன்று, ஆய்வாளரின் கவனக் குறைவும் அன்று. மைக்ரோசாஃப்ட் வேர்ட், லிப்ரெஆஃபிஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளின் கோப்பில் உரையும் அதன் வடிவமைப்பும்தான் சேமிக்கப்படுகின்றன, பக்கம் சேமிக்கப்படுவதில்லை. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணினியில் உள்ள எழுத்துரு, எழுத்தின் அளவு, வரி இடைவெளி, தாளின் அளவு, ஓரங்கள் ஆகியவற்றைக் கொண்டு செயலி பக்கங்களைப் புதிதாகக் கணக்கிடுகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறிவிடும். லதா எழுத்துருவில் அமைத்த தமிழ்ப் பக்கமும் நிர்மலா யுஐ எழுத்துருவில் அமைத்த அதே பக்கமும் ஒரே இடத்தில் முடிவதில்லை. எழுத்துகளின் அகலமும் வரியின் உயரமும் இரண்டிலும் வேறு. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்க லெட்டர் தாளின் உயரம் 279.4 மில்லிமீட்டர். தாள் அமைப்பு தவறுதலாக லெட்டருக்கு மாறியிருந்தால் பக்கத்துக்கு 17.6 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று வரிகள் குறையும். இருபது பக்கம் தள்ளிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கும் மேலான உரை இடம்பெயர்ந்திருக்கும்.

ஆகவே, ஒரு குறிப்பிட்ட கணினியின் திரையில் தெரிகிற பக்கத்தைப் பார்த்து 'இந்த இடத்தில் முறி' என்று கையால் இடும் கட்டளை, அந்தக் கணினியில் அந்த நேரத்தில் மட்டுமே சரியாக இருக்கும். 'இயல் தலைப்பு எங்கே வந்தாலும் பக்கத்தின் தலையில் தொடங்க வேண்டும்', 'பாடல் எங்கே வந்தாலும் உடையக் கூடாது' என்று அந்தப் பத்தியின் இயல்பாகவே எழுதி வைத்த கட்டளை எந்தக் கணினியிலும் சரியாக இருக்கும். ஒரு வகைப் பத்தி எப்படி அமைய வேண்டும் என்ற விதிகளை ஒரு பெயரில் தொகுத்து வைக்கும் பத்திப் பாணி என்ற ஏற்பாட்டின் பயன்களில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்றப் பாணிகளைப் பயன்படுத்துபவர்கள்கூடப் பக்க முறிப்பைக் கையாலேயே செய்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கையால் முறிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது

பக்க முறிப்பு முதலில் ஒரு குறியீடாகத்தான் இருந்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 12ஆம் எண்ணுக்கு உரியது 'ஃபார்ம் ஃபீட்' என்னும் கட்டுப்பாட்டுக் குறி. தொடர்தாளில் அச்சிடும் பொறிக்கு இக்குறி வந்தால், அது தாளை அடுத்த படிவத்தின் தலைக்கு நகர்த்தும். உரைக்கு நடுவே ஒரு குறியை வைத்துப் பக்கத்தைத் திருப்புவது என்ற எண்ணம் இந்தப் பொறிகளின் வழியாக நம் கைகளில் பதிந்துவிட்டது.

ஆயினும், 'இங்கே முறி' என்பது மட்டும் போதாது என்பதைத் தொடக்க காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1970களில் யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்ட டிராஃப் என்ற அச்சமைப்பு நிரலில், புதுப் பக்கம் தொடங்க ஒரு கட்டளையும், 'இன்னும் இத்தனை வரிக்கு இடம் இருந்தால் இங்கேயே தொடர்க, இல்லையேல் அடுத்த பக்கத்துக்குப் போ' என்று சொல்ல இன்னொரு கட்டளையும் இருந்தன. 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியிலும் இதே இணை உண்டு: வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் பி, ஏ என்ற எழுத்துகளும் இட்டால் பக்கம் முறியும், புள்ளியும் சி, பி என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இட்டால், அத்தனை வரிக்கு இடம் இல்லாதபோது மட்டும் முறியும். தலைப்புக்கு முன்னால் இந்த இரண்டாம் கட்டளையை இட்டு வைத்தால், தலைப்பு பக்கத்தின் அடியில் அனாதையாக நிற்காது. நிபந்தனையுடன் கூடிய முறிப்பு என்ற கருத்து இப்படித்தான் தொடங்கியது. குறை என்னவென்றால், ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் மறக்காமல் அதைத் தட்டச்சு செய்தாக வேண்டும்.

அந்தக் குறையை நீக்கியது பாணி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கி 1980இல் ஆய்வேடாக விளக்கிய ஸ்கிரைப் என்னும் அமைப்பு, எழுதுபவர் 'இது தலைப்பு', 'இது மேற்கோள்' என்று மட்டும் குறித்தால் போதும், அது தாளில் எப்படி நிற்க வேண்டும் என்பதைத் தனியே ஓரிடத்தில் வரையறுக்கலாம் என்ற பிரிவினையைத் தெளிவாக நிறுவியது. சொற்செயலிகளில் உள்ள பத்திப் பாணிகள் அதே சிந்தனையின் வழிவந்தவை. தலைப்பு என்ற பாணிக்கு ஒருமுறை விதி எழுதினால், ஐந்நூறு பக்கங்களில் உள்ள எல்லாத் தலைப்புகளும் அதற்குக் கட்டுப்படும்.

குறியா, பண்பா

இன்று நாம் கன்ட்ரோல் விசையுடன் என்டரை அழுத்தும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் வேர்டும் ரைட்டரும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் பல புதிர்கள் விடுபடும்.

வேர்டில் அது உரைக்குள் ஓர் எழுத்தைப்போல் உட்காருகிறது. ஃபார்ம் ஃபீட் குறியின் நேர் வாரிசு என்றே சொல்லலாம். அதைத் தேர்வு செய்யலாம், அழிக்கலாம், நகலெடுக்கலாம். அது ஒரு பத்திக்குள் இருப்பதால், அந்தப் பத்திக்கென ஒரு வரி இடம் தேவைப்படுகிறது. முந்தைய பக்கம் கடைசி வரிவரை நிரம்பிவிட்டால், முறிப்பைத் தாங்கிய அந்த வெற்றுப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அங்கே போய் அது அந்தப் பக்கத்தை முறிக்கும். ஐந்தாம் இயலுக்கு முன்னால் தோன்றிய வெற்றுப் பக்கத்தின் பிறப்பு இதுதான். வெள்ளைப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தேடுகிறார்கள். காரணம் அதற்கு முந்தைய பக்கம் நிரம்பியதில் இருக்கிறது.

ரைட்டரில் முறிப்பு ஓர் எழுத்து அன்று. கன்ட்ரோல், என்டர் அழுத்தியதும் புதிய பத்தி ஒன்று தொடங்கி, 'எனக்கு முன்னால் பக்கம் முறிய வேண்டும்' என்ற பண்பு அந்தப் பத்தியின்மீது ஏற்றப்படுகிறது. ரைட்டர் பயன்படுத்தும் ஓப்பன் டாக்குமென்ட் வடிவம் 2005இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாகவும் 2006இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது; பக்க முறிப்பு, பத்தியை உடையாமல் காத்தல், அடுத்த பத்தியுடன் சேர்த்தல் முதலிய பண்புகளின் பெயர்களை அது வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியம் 2001இல் வெளியிட்ட, ஆவண வடிவமைப்புக்கான எக்ஸ்எஸ்எல் பரிந்துரையிலிருந்து எடுத்துக்கொண்டது. வலைப்பக்கங்களை அச்சிடுவதற்கான சிஎஸ்எஸ் விதிகளிலும் ஏறத்தாழ இதே சொற்கள் உண்டு. எனவே இவற்றை ஓரிடத்தில் கற்றால் மூன்று இடங்களில் பயன்படும்.

வேர்டிலும் பத்திப் பண்பாகப் பக்க முறிப்பு உண்டு. 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்று அதற்குப் பெயர். அது 'இங்கே முறி' என்ற ஏவல் அன்று; 'இந்தப் பத்தி ஒரு பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை. பத்தி ஏற்கெனவே பக்கத்தின் தலையில் இருந்தால் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இன்னொரு பக்கத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆகவே ஆவணத்தின் முதல் பத்தியே இயல் தலைப்பாக இருந்தாலும் அதற்கு முன்னால் வெற்றுப் பக்கம் தோன்றுவதில்லை. கையால் இட்ட குறிக்கு இந்த விவேகம் கிடையாது.

நான்கு விதிகள்

பாணியில் எழுதத்தக்க பக்க விதிகள் அடிப்படையில் நான்கே. ரைட்டரில் எஃப் 11 விசையை அழுத்திப் பாணிப் பட்டியலைத் திறந்து, பாணியின் பெயர்மீது வலச்சொடுக்கித் திருத்தப் புகுந்தால் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' என்ற தாவலில் இவை இருக்கும். வேர்டில் பாணியின் பெயர்மீது வலச்சொடுக்கி 'மாடிஃபை', பின் 'ஃபார்மட்', பின் 'பாரகிராஃப்' என்று போனால் 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' என்ற தாவலில் இருக்கும்.

பத்திக்கு முன் பக்கத்தை முறிப்பது முதல் விதி. அதைப் பார்த்துவிட்டோம். ரைட்டரில் பத்திக்குப் பின் முறிக்கவும் வழியுண்டு. வேர்டின் பத்தி அமைப்பில் அது இல்லை. கோப்பு இரண்டு செயலிகளுக்கும் இடையே போய்வரக்கூடியது என்றால் 'முன்' என்பதை மட்டுமே பயன்படுத்துவது நல்லது.

இரண்டாவது, அடுத்த பத்தியுடன் சேர்ந்திருத்தல். 'கீப் வித் நெக்ஸ்ட்' என்று தெரியும். இப்பத்தியின் கடைசி வரியும் அடுத்த பத்தியின் தொடக்கமும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். வேர்ட்ஸ்டாரில் எண் கொடுத்துச் செய்ததை இது எண் இல்லாமலே செய்கிறது. இரு செயலிகளிலும் தலைப்புப் பாணிகளுக்கு இது முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். அப்படியானால் தலைப்புகள் ஏன் பக்க அடியில் தனித்து நிற்கின்றன என்று கேட்கலாம். காரணம் எளிது: அவை தலைப்புப் பாணியில் இல்லை. சாதாரணப் பத்தியைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெரிதாக்கி, நடுவில் நிறுத்தி வைத்தால் மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. செயலிக்கு அது கொஞ்சம் பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு பத்தி. தலைப்புக்கும் பத்திக்கும் இடையே வெற்று என்டர் ஒன்று இருந்தாலும் விதி கெட்டுப்போகும்; தலைப்பு அந்த வெற்றுப் பத்தியுடன் சேர்ந்து நின்று தன் கடமையை முடித்துக்கொள்ளும். இடைவெளி வேண்டுமென்றால் பாணியிலேயே பத்திக்கு மேலும் கீழும் எத்தனை புள்ளி (பாயின்ட்) இடைவெளி என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பத்தியை உடைக்காமை. வேர்டில் 'கீப் லைன்ஸ் டுகெதர்' என்றும், ரைட்டரில் பத்தியைப் பிரிக்காதே என்ற பொருளிலும் இது அமைந்திருக்கும். நான்காவது, தனி வரிகளைத் தடுத்தல். பத்தியின் முதல் வரி மட்டும் பக்க அடியில் தங்கிவிடுவதையும், கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் நிற்பதையும் ஆங்கில அச்சுத் தொழிலில் அனாதை என்றும் விதவை என்றும் சொல்வார்கள். அச்சொற்களை அப்படியே தமிழாக்கி வழங்க எனக்கு மனம் வரவில்லை. தனித்த முதல் வரி, தனித்த கடைசி வரி என்றே இங்கு குறிக்கிறேன். ரைட்டரில் இவ்விரண்டுக்கும் தனித்தனியாக எத்தனை வரி என்று எண் தரலாம். வழக்கமான எண் 2. வேர்டில் இரண்டும் ஒரே தேர்வுப் பெட்டிக்குள் அடங்கிவிடும். எண்ணை மாற்ற இயலாது.

செய்யுளும் உரையும்

இந்த விதிகளின் அருமை தமிழ் இலக்கிய ஆய்வேட்டில் நன்றாகத் தெரியும். அதில் மேற்கோள் பாடல் இருக்கும். பாடலின் கீழே நூற்பெயரும் எண்ணும் இருக்கும். அதற்குக் கீழே விளக்கம் இருக்கும். மூன்றும் ஒரு கட்டு. அதைப் பிரித்தால் வாசிப்பவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, பாடலின் அடிகளை எந்த விசையால் பிரிக்கிறோம் என்பது. ஒவ்வோர் அடிக்கும் என்டர் தட்டினால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகிவிடும். நாலடியார் வெண்பா நான்கு பத்திகளாகும். அப்போது தனி வரியைத் தடுக்கும் விதி செயலற்றுப் போகும். ஏனெனில் ஒரே வரி உள்ள பத்தியில் காப்பாற்றுவதற்கு இன்னொரு வரி இல்லை. ஷிஃப்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் வரி மட்டும் முறியும், பத்தி தொடரும். நான்கடியும் ஒரு பத்தி. பாடல் ஒரு பொருள். அது ஒரு பத்தியாகவே இருக்க வேண்டும்.

அடுத்து, எண்களின் கணக்கைப் பார்ப்போம். தனித்த முதல் வரி, தனித்த கடைசி வரி இரண்டுக்கும் 2 என்று இருந்தால், முறிப்புக்கு இருபுறமும் குறைந்தது இரண்டு வரி இருந்தாக வேண்டும். இரண்டு வரி உள்ள பத்தியை இவ்விதிப்படி பிரிக்கவே முடியாது. மூன்று வரி உள்ள பத்தியையும் பிரிக்க முடியாது. எப்படிப் பிரித்தாலும் ஒருபுறம் ஒரு வரிதான் மிஞ்சும். ஆகவே குறள் தானாகவே காக்கப்படுகிறது. ஈரடிக் குறளுக்கு வேறு காவல் தேவையில்லை. நான்கடி வெண்பாவை மட்டும் இரண்டும் இரண்டுமாகப் பிரிக்க விதி இடம் தருகிறது. வெண்பாவை அப்படி நடுவில் அறுப்பது கண்ணுக்கும் செவிக்கும் பொருந்தாது. அதற்குத்தான் பத்தியை உடைக்காமை என்ற மூன்றாம் விதி.

எனவே 'செய்யுள்' என்ற பெயரில் ஒரு பாணி உருவாக்க வேண்டும். இடப்பக்கம் உள்தள்ளல், பத்தியை உடைக்காமை, அடுத்த பத்தியுடன் சேர்ந்திருத்தல் மூன்றும் அதில் இருக்கட்டும். பாடல் எண்ணைத் தாங்கும் வரிக்கு 'பாடல் குறிப்பு' என்று இன்னொரு பாணி. அதிலும் அடுத்த பத்தியுடன் சேர்தல் இருக்கட்டும். அதற்கடுத்த விளக்கம் சாதாரண உரைப் பத்தி. அதற்கு இரண்டு வரி விதி ஏற்கெனவே உண்டு. இவற்றின் கூட்டு விளைவு என்னவென்றால், பாடல் முழுதாக நிற்கும், எண் அதைவிட்டு அகலாது, விளக்கத்தின் முதல் இரண்டு வரியாவது அதே பக்கத்தில் இருக்கும். குறளும் பரிமேலழகர் உரையும் அடுத்தடுத்து வரும் பதிப்பை அமைப்பவருக்கு 1330 இடங்களில் கையால் செய்ய வேண்டிய வேலை மூன்று பாணிகளில் முடிந்துவிடுகிறது.

நீண்ட அகவலுக்கு இதே பாணியை இடக் கூடாது. சிலப்பதிகாரத்திலிருந்து முப்பது அடி மேற்கோள் காட்டும்போது 'உடைக்காதே' என்று சொன்னால், பக்கத்தில் இருபத்தெட்டு வரிக்கு இடம் இருந்தாலும் பாட்டு முழுவதும் அடுத்த பக்கத்துக்குத் தாவி, முக்கால் பக்கம் வெறுமையாகிவிடும். 'நீள் செய்யுள்' என்று ஒரு பாணியைப் பிரித்து, உடைக்காமையை நீக்கி, தனி வரி எண்ணை 3 அல்லது 4 என்று உயர்த்தி வைப்பது பொருத்தம். ரைட்டரில் இது எளிது. வேர்டில் எண்ணை மாற்ற முடியாததால் இரண்டு வரியோடு அமைதிகொள்ள வேண்டும்.

இங்கு ஒரு சங்கிலி உருவாவதையும் கவனிக்க வேண்டும். உட்தலைப்பு செய்யுளுடன் சேர்கிறது, செய்யுள் குறிப்புடன், குறிப்பு உரையுடன். சங்கிலி நீள நீளப் பக்க அடியில் விழும் வெற்றிடமும் பெரிதாகும். சங்கிலி ஒரு பக்கத்தைவிட நீண்டுவிட்டால் விதியை நிறைவேற்றவே வழியில்லை. செயலி ஏதோ ஓரிடத்தில் முறித்துவிடும். ஆவணம் முழுவதையும் தேர்வு செய்து 'அடுத்ததுடன் சேர்' என்று இட்டால் பயன் பூஜ்யம் என்பது இதனால்தான்.

படத்துக்கும் அட்டவணைக்கும் சில வரிகள் போதும். அட்டவணையின் தலைப்பு மேலே வரும் வழக்கமானால் தலைப்புப் பத்திக்குச் சேர்தல் விதி வேண்டும். படத்தின் தலைப்பு கீழே வரும் வழக்கமானால் படத்தைத் தாங்கும் பத்திக்கு அவ்விதி வேண்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே பாணி போதாது. அட்டவணையின் வரிசை நடுவில் உடையாமலும், அதன் தலைவரிசை ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் வருமாறும் அமைக்கும் வசதி அட்டவணையின் பண்புகளிலேயே இரு செயலிகளிலும் உண்டு.

இயல் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்றால்

இயல்களை வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண் உள்ள பக்கத்தில் தொடங்குவது நூல் அமைப்பில் பழைய மரபு. இவ்விடத்தில்தான் ரைட்டர் வேர்டை விஞ்சி நிற்கிறது என்பது என் கருத்து.

ரைட்டரில் பத்திக்குப் பாணி இருப்பதுபோலப் பக்கத்துக்கும் பாணி உண்டு. 'இயல் முதற்பக்கம்' என்று ஒரு பக்கப் பாணியை உருவாக்கி, அது வலப்பக்கமாக மட்டுமே வரலாம் என்று குறித்து, பக்கத்தின் மேல் ஓரத்தில் வரும் மேற்குறிப்பு வரியை நீக்கி, இதற்கு அடுத்து வருவது 'இயல் உட்பக்கம்' என்று சொல்லி வைக்கலாம். பிறகு முதல்நிலைத் தலைப்பின் பத்திப் பாணியில், முன்னால் முறிப்பு, அம்முறிப்பு 'இயல் முதற்பக்கம்' என்ற பக்கப் பாணியுடன் என்று இடலாம். இனி ஒரு வரியை முதல்நிலைத் தலைப்பாக்கிய கணத்திலேயே பக்கம் முறியும், வலப்பக்கம் தேர்வாகும், தேவையெனில் இடையில் ஒரு வெற்றுப் பக்கம் தானாகச் சேரும், அடுத்த பக்கத்திலிருந்து மேற்குறிப்பு திரும்ப வரும். அந்த வெற்றுப் பக்கத்தை அச்சிடுவதா, பிடிஎஃப் கோப்பில் சேர்ப்பதா என்பதற்கும் தனித்தனித் தேர்வுகள் உண்டு.

பக்க எண்ணை 1 என்று மீண்டும் தொடங்கும் வசதியும் அதே இடத்தில் இருக்கிறது. அதைத் தலைப்புப் பாணியில் இட்டுவிடக் கூடாது. இட்டால் ஒவ்வோர் இயலும் 1ஆம் பக்கமாகிவிடும். முன்னுரை, நன்றியுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் தந்து முதல் இயலில் 1 என்று தொடங்குவது நூலில் ஒரே ஒருமுறை நிகழ்வது. ஒருமுறை மட்டும் நிகழ்வதை அந்த ஒரு பத்தியில் நேரடியாக இடுவதே முறை. ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கமாகவே கொள்வதால், முந்தைய பக்கமும் ஒற்றைப்படையாக இருந்தால் இங்கும் ஒரு வெற்றுப் பக்கம் தானாக வரும்.

வேர்டில் பத்திப் பாணியால் பக்கத்தை முறிக்க முடியும். அது ஒற்றைப்படைப் பக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. அதற்குப் 'பிரிவு முறிப்பு' (செக்ஷன் பிரேக்) என்ற தனிக் குறியைக் கையால்தான் இட வேண்டும். தாளின் கிடை, நெடுக்கை அமைப்பும், மேற்குறிப்பும், எண் வகையும் பிரிவுக்கு உரியவை; பாணி அவற்றைத் தொடாது. அகன்ற அட்டவணை ஒன்றுக்காகத் தாளைக் கிடையாகத் திருப்புவது ரைட்டரில் ஒரு பத்திப் பாணியால் நடக்கும். வேர்டில் அட்டவணைக்கு முன்னும் பின்னும் இரண்டு பிரிவு முறிப்புகள் வேண்டும். வேர்டில் எழுதுபவர்களுக்கு நான் சொல்வது, வலப்பக்கத் தொடக்கம் கட்டாயமில்லை என்றால் 'பேஜ் பிரேக் பிஃபோர்' விதியோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டாயம் என்றால் எல்லா எழுத்தும் முடிந்த பிறகு, கடைசி வேலையாகப் பிரிவு முறிப்புகளை இடலாம்.

பழைய கோப்பைச் சீரமைத்தல்

தமிழில் இந்தத் தேவை அடிக்கடி எழுகிறது. பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்தின் அகலம் முழுவதும் மாறிவிடுகிறது. கையால் இட்ட ஒவ்வொரு முறிப்பும் தவறான இடத்தில் வந்து நிற்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினால் அடுத்த எழுத்துரு மாற்றத்தில் அதே வேலை மீண்டும் வரும். முதலில் களைந்துவிட்டுப் பிறகு பாணிகளை இடுவதே வழி.

வேர்டில் தேடி மாற்றும் பெட்டியில் கூரைக் குறியும் (^) ஆங்கிலச் சிறிய எம் எழுத்தும் சேர்த்துத் தேடினால் கையால் இட்ட பக்க முறிப்புகள் அனைத்தும் அகப்படும், வெறுமையால் மாற்றிவிடலாம். கூரைக் குறியையும் சிறிய பி எழுத்தையும் இருமுறை இட்டுத் தேடினால் அடுத்தடுத்த இரண்டு பத்திக் குறிகள் அகப்படும். அதை ஒன்றாக மாற்றும் செயலைச் சில முறை திரும்பச் செய்தால் வெற்றுப் பத்திகள் பெரும்பாலும் நீங்கும். பாடல்களுக்கு இடையே உள்ள வெற்று வரிகளும் இதில் போய்விடும் என்பதால், கோப்பின் நகலில்தான் இதைச் செய்ய வேண்டும். ரைட்டரில் முறிப்பு உள்ள பக்கத்தின் தலையில் புள்ளிக்கோடு ஒன்று தெரியும். அதன்மீது சுட்டியைக் கொண்டுபோனால் முறிப்பைத் திருத்தவும் நீக்கவும் வழி திறக்கும்.

வேர்டில் கண்காணிப்புக்கு ஒரு சிறு உதவியும் உண்டு. பத்திக் குறிகள் தெரியுமாறு வைத்தால், நான்கு விதிகளில் முதல் மூன்றில் ஏதேனும் இடப்பட்ட பத்தியின் இடப்பக்கத்தில் சிறிய கறுப்புச் சதுரம் ஒன்று தோன்றும். அது அச்சில் வராது. தொடர்ந்து பல பத்திகளில் அந்தச் சதுரம் தெரிந்தால், தேவையற்ற சங்கிலி ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள்.

வெற்றுப் பத்திகளைக் களைவதால் தாளுக்கு அப்பாலும் நன்மை உண்டு. பார்வையற்ற வாசகர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் ஒவ்வொரு வெற்றுப் பத்தியையும் 'வெற்று' என்று அறிவித்துக்கொண்டே போகும். இயலைப் புதுப் பக்கத்துக்குத் தள்ள இட்ட இருபது என்டர்களை அவர்கள் இருபது முறை கேட்க நேரும். மின்னூலாக மாற்றும்போதும் அந்த இருபது வெற்று வரிகள் கைப்பேசித் திரையில் அப்படியே வந்து நிற்கும். லிப்ரெஆஃபிஸ் 6.0 பதிப்பு முதல் ரைட்டர் நேரடியாக இபப் என்ற மின்னூல் கோப்பை உருவாக்குகிறது; நூலை அத்தியாயங்களாகப் பிரிக்க அது தலைப்புப் பாணியையோ பக்க முறிப்பையோ பார்க்கிறது. பெரிய எழுத்தில் எழுதிய பொய்த்தலைப்பு அதன் கண்ணில் படாது.

விதிகளின் எல்லை

இவ்வளவும் செய்தாலும் பக்கங்கள் முழுமையாக அழகாக அமைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சொற்செயலியின் விதிகள் ஆம், இல்லை என்ற இரண்டே விடை உள்ளவை. கணினி அறிஞர் டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சமைப்பு நிரல் இதை வேறு விதமாக அணுகியது: தனித்த முதல் வரிக்கு 150, தனித்த கடைசி வரிக்கு 150 என்று ஒரு விலை வைத்தது. வேறு நல்ல வழி இருந்தால் அந்த விலையைத் தராது. வேறு வழியெல்லாம் அதைவிட மோசமாக இருந்தால் தந்துவிடும். விலையை 10000 என்று வைத்தால் மட்டுமே அது முழுத் தடை. இருந்தும், பத்திக்குள் வரிகளைப் பிரிக்கும்போது பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் டெக், பக்கங்களைப் பிரிக்கும்போது அப்போதைய பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. படங்களையும் அவற்றைச் சுட்டும் வரிகளையும் அருகருகே வைத்து நூல் முழுமைக்கும் மிகச் சிறந்த பக்கப் பிரிப்பைக் காண்பது, பொதுநிலையில் கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நூத்தின் மாணவர் மைக்கேல் பிளாஸ் 1981இல் தம் ஆய்வேட்டில் காட்டினார்.

எனவே நூல் அச்சுக்குப் போகும் முன் மனிதக் கண் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். அப்போது ஏதோ ஒரு பக்கத்தில் அடியில் ஐந்து வரி வெறுமை தெரிந்தால், முறிப்பைக் கையால் நகர்த்துவதைவிட, அதற்கு முந்தைய பத்தியில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ வரியைச் சரிசெய்வதே அச்சுக்கோப்பாளர்கள் கையாண்ட முறை; எழுதியவரே பக்கமும் அமைக்கும்போது அந்த உரிமை அவருக்கு உண்டு.

பாணிகள் சரியாக அமைந்துள்ளனவா என்று சோதிக்க, கோப்பின் நகலை எடுத்து, உரைப் பத்திப் பாணியின் எழுத்தளவை 12 புள்ளியிலிருந்து 14 ஆக்க வேண்டும். ரைட்டரில் தமிழுக்கான அளவு, சிக்கலான எழுத்துமுறை மொழிகளுக்கு உரிய பகுதியில் தனியே இருப்பதை மறக்கக் கூடாது. ஆங்கிலத்துக்கு உரிய அளவை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு. மாற்றியதும் 300 பக்கக் கோப்பு 350 பக்கத்துக்கு மேல் நீளும். அதன் எல்லா இயல் தொடக்கங்களையும், பாடல் வரும் பத்துப் பன்னிரண்டு இடங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும். தவறான இடத்தில் முறிந்த பக்கம் ஒன்று கண்ணில் பட்டால், அங்கே இன்னும் கையால் இட்ட முறிப்போ வெற்றுப் பத்தியோ எஞ்சியிருக்கிறது, அல்லது ஒரு பத்தி தனக்கு உரிய பாணியில் இல்லை.